சியோலில் மூன்றே நாள், தெருக்கடைச் சாப்பாடு மட்டும்: எங்கே தொடங்கலாம்?

அரைப்பசி எழுதியது:

வணக்கம். நவம்பர் கடைசியில் அலுவலக வேலையாகச் சியோல் போகிறேன். வேலை முடிந்ததும் மூன்று நாள் விடுப்பு சேர்த்திருக்கிறேன், மனைவியும் அப்போது வந்து சேர்கிறாள். அரண்மனை, கோபுரம் எல்லாம் வழியில் தென்பட்டால் பார்ப்போம், இல்லாவிட்டால் வருத்தமில்லை. எங்களுக்கு வேண்டியது தெருக்கடைச் சாப்பாடு. நின்றுகொண்டே சாப்பிடுகிற, கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற, பெஞ்சில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து சாப்பிடுகிற வகை.

ராத்திரி ராத்திரியாக வீடியோ பார்த்து ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். 23 அயிட்டம், ஆறு சந்தை. வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் மூன்று நாளும் மெட்ரோ ரயிலுக்குள்ளேயே கழிந்துவிடும் போலிருக்கிறது.

நான் மாட்டிறைச்சி தவிர எல்லாம் சாப்பிடுவேன். மனைவி சைவம், முட்டை மட்டும் உண்டு. காரம் இரண்டு பேருக்கும் பிரச்சினை இல்லை (என்று நினைக்கிறோம்). தங்குவது ஜோங்னோ 3-கா நிலையத்துக்குப் பக்கத்தில். சாப்பாட்டுக்கு இருவருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 50,000 வோன் வரை போகலாம். கொரிய மொழி சுத்தமாகத் தெரியாது.

எந்தச் சந்தைக்குக் கட்டாயம் போகவேண்டும், எதை விட்டுவிடலாம்? மனைவிக்கு உண்மையிலேயே ஏதாவது கிடைக்குமா, இல்லை மூன்று நாளும் வாழைப்பழப் பாலும் பிஸ்கட்டும்தானா? அப்புறம் கடையில் எப்படிக் கேட்பது, காசு எப்படிக் கொடுப்பது, சாப்பிட்ட குச்சியை எங்கே போடுவது போன்ற சின்னச் சின்ன விஷயங்கள். வீடியோவில் அதை ஒருத்தரும் சொல்வதில்லை, எல்லாரும் ஒரு கடி கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

ஹான்கரை எழுதியது:

நான்கு வருடம் அங்கே படித்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். சியோல் தெருக்கடைக்கு இடத்தைவிட நேரம் முக்கியம். காலை பத்து மணிக்கு மியோங்தோங் கடைவீதிக்குப் போனீர்கள் என்றால் வெறும் துணிக்கடையும் முகப்பூச்சுக் கடையும்தான் இருக்கும், வண்டிகளை மாலை நாலு, அஞ்சு மணிக்குத்தான் உருட்டிக்கொண்டு வருவார்கள். நம்தேமுன் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை நிறையக் கடை சாத்தியிருக்கும். அதனால் காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பசி எடுக்க விடுங்கள், அதுதான் இந்த மாதிரிப் பயணத்தில் எல்லாரும் மறக்கிற விஷயம். நான்காவது அயிட்டத்துக்கு மேல் எது வாயில் போட்டாலும் ஒரே ருசிதான்.

நீங்கள் தங்குகிற இடம் அருமையான இடம். குவாங்ஜாங் சந்தை அடுத்த நிலையம், ஜோங்னோ 5-கா. நடந்தாலும் கால் மணி நேரம். 1905-இல் தொடங்கிய சந்தை, இன்றைக்கும் துணி வியாபாரம் பெரிதாக நடக்கிறது, பட்டும் படுக்கை விரிப்பும் அடுக்கியிருக்கிற சந்துகளைத் தாண்டி நடுவில் வந்தால் சாப்பாட்டுக் கடைகள். மதியம் மூன்று மணி வாக்கில் போங்கள், சாப்பாட்டுக் கூட்டம் கலைந்திருக்கும், மக்கொல்லி என்கிற அரிசிக் கள் குடிக்க வருகிற சாயங்காலக் கூட்டம் இன்னும் வந்திருக்காது.

அங்கே பிந்தேத்தொக் கட்டாயம். தோல் நீக்கிய பாசிப்பயறை ஊறவைத்து, கடை முன்னாலேயே மோட்டார் போட்டு ஓடுகிற கல்லில் அரைப்பார்கள். மாவு வழிந்து பாத்திரத்தில் விழுவதை நீங்கள் நின்று பார்க்கலாம். அதில் முளைவிட்ட பயறைக் கை நிறைய அள்ளிப் போட்டு, விரல் மொத்தத்துக்கு, எண்ணெய் தாராளமாக ஊற்றிய கல்லில் போடுவார்கள். பெசரட்டுக்கு ஒரு முரட்டு அண்ணன் இருந்தால் இப்படித்தான் இருப்பான். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. கூடவே சோயா சாஸில் ஊறின வெங்காயம் ஒரு கிண்ணம் வரும், அதை ஒவ்வொரு வாய்க்கும் ஒரு துண்டு வைத்துக்கொள்ளவில்லை என்றால் எண்ணெய் திகட்டிவிடும். இரண்டு பேருக்கு ஒன்று போதும்.

உட்காருகிற பெஞ்சு சூடாக இருக்கும், பயப்படாதீர்கள், அடியில் மின்சார விரிப்பு போட்டிருப்பார்கள். முதல் தடவை எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன சூடு என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தேன், அங்கேயும் சுட்டது.

அடுத்தது விரல் நீளத்துக்கு இருக்கிற குட்டிக் கிம்பாப், கடல்பாசித் தாளில் சோறு வைத்துச் சுருட்டினது. கேரட், மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய், எள்ளு, நல்லெண்ணெய், தொட்டுக்கொள்ளக் கடுகுச் சாறு. அந்தக் கடுகு மூக்குக்கு ஏறும். இதைப் பல வருடமாக ‘மயாக் கிம்பாப்’ என்றே சொல்வார்கள், மயாக் என்றால் போதைப்பொருள், ஒன்று சாப்பிட்டால் நிறுத்த முடியாது என்கிற அர்த்தத்தில். 2024-இலிருந்து உணவுப் பெயர்களில் அந்த மாதிரிச் சொல் வேண்டாம் என்று அரசு சொல்வதால் ‘கொமா கிம்பாப்’ என்று பலகை மாறியிருக்கலாம், குழம்பாதீர்கள். பச்சை மாட்டிறைச்சி விற்கிற ஒரு சந்தும் அங்கே உண்டு, உங்களுக்கு அது வேண்டாம், நேராக நடந்துவிடுங்கள்.

கடைக்கார அம்மாவை ‘இமோ’ என்று கூப்பிடுங்கள். அம்மாவோடு பிறந்தவள், நம் சித்தி. பாதிக் கொரியா அப்படித்தான் கூப்பிடுகிறது. “இகொ ஹனா ஜுசெயோ” என்றால் இது ஒன்று கொடுங்கள். “ஒல்மாயேயோ?” என்றால் எவ்வளவு. இந்த மூன்றும் விரலும் இருந்தால் போதும்.

சில்லறை_முடிச்சு எழுதியது:

ஹான்கரை சொன்னதெல்லாம் சரி, ஆனால் காசு விஷயத்தை நான் சொல்லிவிடுகிறேன், பட்டவன்.

ஒரு பெரிய சந்தையில், எது என்று வேண்டாம், சின்னத் தட்டு அடையைக் காட்டி விரலால் ‘ஒன்று’ என்றேன். வந்தது பெரிய கலவைத் தட்டு. நான் கேட்டது அது இல்லை என்று சொல்லத் தெரியவில்லை, பின்னால் நாலு பேர் காத்திருக்கிறார்கள், சாப்பிட்டுவிட்டு இரண்டு மடங்கு கொடுத்துவிட்டு வந்தேன். அதிலிருந்து ஒரு பழக்கம்: விலைப்பலகையில் இருக்கிற எண்ணைப் போனில் தட்டிக் காட்டிவிட்டு, அவர்கள் தலையாட்டின பிறகுதான் உட்காருவது. கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டே. வேலை செய்கிறது.

நோட்டு மாற்றும்போது 1,000 வோன் தாள்களாக ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கார்டு ஊரெல்லாம் ஓடுகிறது, ஆனால் தனி வண்டிகளில் உள்ளூர்க்காரர்கள் வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பிவிடுவார்கள் (அட்டையில் கணக்கு எண் எழுதித் தொங்கும்), நமக்கு அந்த வசதி கிடையாது, ரொக்கம்தான். 1,000 வோன் ஒமுக்குக்கு (மீன் விழுதுக் குச்சி) 50,000 தாளை நீட்டினால் இமோ முறைப்பார்.

டிப்ஸ் கிடையாது. குப்பைத்தொட்டியும் கிடையாது. விளையாட்டு இல்லை, 1995-இல் வீட்டுக் குப்பைக்குக் காசு கொடுத்துப் பை வாங்கவேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, ஜனங்கள் வீட்டுக் குப்பையைத் தெருத்தொட்டியில் போட ஆரம்பித்துவிட்டார்கள் என்று தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். குச்சி, காகிதக் கோப்பை எல்லாவற்றையும் வாங்கின கடையிலேயே நின்று சாப்பிட்டுவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள். நடந்துகொண்டே சாப்பிட்டீர்கள் என்றால் எச்சில் குச்சியோடு ஒரு மணி நேரம் ஊர் சுற்றவேண்டியதுதான்.

மியோங்தோங் என் கணக்கில் தேவையே இல்லை. சீஸ் போட்ட சிங்கி இறாலுக்கு 20,000 வோன் கேட்கிற இடம். கொரியாக்காரர் ஒருவர்கூட வரிசையில் நிற்க மாட்டார்.

ராத்திரி_வண்டி எழுதியது:

மியோங்தோங்கை இப்படி ஒரேயடியாக அடிக்காதீர்கள். விலை அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம் வெறும் கண்ணுக்காகப் போகலாம், எல்லாப் பண்டமும் ஒரே தெருவில் வரிசையாக இருப்பதால் எது எது என்று அடையாளம் தெரிந்துவிடும். வாங்குவதை அடுத்த நாள் வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் வாங்கலாம்: முட்டை ரொட்டி, கெரான்பாங். நீள்வட்ட அச்சில் லேசான இனிப்பு மாவு, மேலே ஒரு முழு முட்டை உடைத்து ஊற்றி வேகவைத்தது. உங்கள் மனைவிக்கு ஆகும், மேலே பன்றி இறைச்சித் தூள் தூவியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு என்னவோ பெயரில்லாத வண்டிக்குத்தான். ஏதாவது ஒரு மெட்ரோ வாசல், பிளாஸ்டிக் திரை தொங்குகிற வண்டி, உள்ளே நாலு பேர் நிற்க இடம். சிவப்பாகக் கொதிக்கிற தொக்பொக்கி (காரக் குழம்பில் அரிசிக் கட்டை) ஒரு தட்டு, பக்கத்தில் சதுரத் தொட்டியில் ஒமுக் குச்சிகள். ஒமுக் என்பது மீன் விழுதைத் தகடாக்கி மடித்துக் குச்சியில் குத்தியது. நீங்களே உருவி எடுத்துக்கொள்ளவேண்டும், யாரும் எடுத்துத் தர மாட்டார்கள். சோயா சாஸைக் குட்டித் தூரிகையால் தடவிக்கொள்ளுங்கள், சில இடத்தில் தெளிப்பான் வைத்திருப்பார்கள். சாறு இலவசம், காகிதக் கோப்பையில் கரண்டியால் நீங்களே ஊற்றிக்கொள்ளலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். கடைசியில் இமோ உங்கள் முன்னால் இருக்கிற குச்சிகளை எண்ணிக் காசு சொல்வார். நவம்பர் ராத்திரிக் குளிரில் இந்தச் சாறுதான் சாப்பாடு, மீதியெல்லாம் தொட்டுக்கொள்ள.

தொக்பொக்கித் தட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் பை மாட்டியிருப்பதைப் பார்த்து மிரளவேண்டாம். கழுவத் தண்ணீர் வசதி இல்லாத வண்டியில் தட்டுக்குப் பை மாட்டி, சாப்பிட்டதும் பையை உருவி எறிந்துவிட்டு அடுத்த பை மாட்டுவார்கள். சுற்றுச்சூழல் கணக்கில் சரியில்லைதான், ஆனால் தட்டு சுத்தம்.

தொக்பொக்கி விசேஷமாக வேண்டுமென்றால் சின்தாங் பக்கம் ஒரு தெருவே இருக்கிறது. கோச்சுஜாங் என்கிற மிளகாய் விழுது போட்ட சிவப்புத் தொக்பொக்கியை 1953-இல் அங்கே விற்க ஆரம்பித்தவர் மா போக்-ரிம் என்ற அம்மா என்று சொல்வார்கள். அதற்கு முன்னால் இருந்தது அரண்மனைச் சோயா சாஸ் வகை, காரமே கிடையாது. அப்புறம் அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தில் கோதுமை மாவைச் சாப்பிடச் சொல்லி அரசாங்கம் ஊக்குவித்ததில் இது பள்ளிக்கூட வாசல்வரை பரவிவிட்டது. இந்த மாதிரிக் கடைகளையே ‘புன்சிக்’ என்பார்கள், மாவுச் சாப்பாடு என்று அர்த்தம். அரிசியில் செய்தது வாயில் இழுக்கும், கோதுமையில் செய்தது மெதுவாகச் சாறு குடித்து உப்பும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், இதற்காகச் சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

சின்தாங்கில் மேசையில் அடுப்பு வைத்து உட்கார்ந்து சாப்பிடவேண்டும், அது உங்கள் நிற்கிற விதிக்குள் வராது. யோசித்துக்கொள்ளுங்கள்.

சுண்டே என்று பலகை பார்த்தால் ஐஸ்கிரீம் என்று நினைத்துவிடாதீர்கள். பன்றிக்குடலுக்குள் கண்ணாடி நூடுல்ஸும் ரத்தமும் அடைத்து வேகவைத்தது. ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவர் என்றால் முதல் வாயிலேயே பிடித்துவிடும். சியோலில் உப்புத் தொட்டுச் சாப்பிடுவார்கள். தொக்பொக்கிக் குழம்பில் முக்கிச் சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

கீரைக்கட்டு எழுதியது:

மனைவியின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். முட்டைகூடச் சாப்பிடாத ஆள் நான், இரண்டு தடவை போய் வந்தேன், உயிரோடுதான் இருக்கிறேன்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேலே எல்லாரும் புகழ்கிற தொக்பொக்கி அவர்களுக்கு ஆகாது. காய்கறியும் அரிசிக் கட்டையும் மட்டும்தானே தெரிகிறது என்று ஏமாந்துவிடக்கூடாது, அந்தக் குழம்பின் அடியில் இருப்பது நெத்திலிக் கருவாடும் கடற்பாசியும் கொதித்த சாறு. ஒமுக் துண்டும் அதிலேயே மிதக்கும். கிம்ச்சி என்கிற புளிக்கவைத்த முட்டைக்கோஸில் பெரும்பாலும் உப்பில் ஊறின இறால் குட்டியோ மீன் சாறோ இருக்கும். கிம்பாப்பில் ஹாம் வைத்திருப்பார்கள். அரைப்பசி சார், உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை: ‘தாசிதா’ என்ற மாட்டிறைச்சிச் சுவைப்பொடியைக் கொரியச் சமையலில் உப்பு மாதிரி அள்ளிப் போடுவார்கள், ராம்யொன் என்கிற உடனடி நூடுல்ஸ் பொட்டலம் பலவற்றின் பொடியிலும் மாட்டிறைச்சிச் சாறு உண்டு. துண்டு கண்ணில் படவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. எவ்வளவு தூரம் பார்ப்பீர்கள் என்று இரண்டு பேரும் போவதற்கு முன்னாலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், கடை வாசலில் நின்று பேசினால் சண்டைதான் வரும். எங்கள் வீட்டில் வந்தது.

“கோகி, செங்சொன் பே ஜுசெயோ” என்றால் இறைச்சி, மீன் எடுத்துவிட்டுக் கொடுங்கள். கேட்டால் மேலே தூவினதை எடுத்துவிடுவார்கள். கொதிக்கிற சாற்றிலிருந்து நெத்திலியை யார் எடுப்பது!

இனி நல்ல செய்தி. குளிர்காலத் தெருவில் இனிப்புக்குக் குறைவே இல்லை, அதில் முக்கால்வாசி நமக்கு ஆகும். ஹொத்தொக் முதலிடம். புளித்த மாவை எண்ணெய் தொட்ட கையில் உருட்டி, உள்ளே பழுப்புச் சர்க்கரை, இலவங்கப்பட்டை, வேர்க்கடலை வைத்து மூடிக் கல்லில் போடுவார்கள். கொஞ்சம் வெந்ததும் கைப்பிடி வைத்த வட்டத் தகட்டால் ஒரே அழுத்து, உருண்டை தட்டையாகிவிடும். உள்ளே சர்க்கரை உருகிப் பாகாக ஓடிக்கொண்டிருக்கும். காகிதக் கோப்பையில் மடித்து வைத்துக் கொடுத்ததும் நான் ஆசையாக நடுவில் கடித்தேன், பாகு கீழுதட்டில் ஒட்டி, அங்கிருந்து தாடை வழியாகக் கழுத்துத் துணிவரை வந்தது. இரண்டு நாள் உதட்டில் கொப்புளம், மீதிப் பயணம் முழுக்கக் காரம் சாப்பிட முடியவில்லை. ஓரத்தில் சின்னதாகக் கடித்து, ஆவி போகவிட்டு, அப்புறம்தான்.

அதே ஹொத்தொக்கில் நம்தேமுன் சந்தையில் காய்கறி வகை உண்டு. ஹொயேஹியொன் நிலையத்தின் 5-ஆம் வாசல் பக்கம் வரிசை நிற்கிற வண்டியைப் பார்த்தால் தெரிந்துவிடும். கண்ணாடி நூடுல்ஸும் கேரட்டும் பூண்டுத் தழையும் அடைத்து, மேலே சோயா சாஸ் தடவித் தருவார்கள். மியோங்தோங்கிலிருந்து அடுத்த நிலையம்தான், நடந்தே போகலாம்.

புங்கொப்பாங்: மீன் வடிவ அச்சில் சுட்ட ரொட்டி, உள்ளே சிவப்புப் பயறு இனிப்பு. மீன் ரொட்டியில் மீன் கிடையாது என்று அவர்களே பழமொழி மாதிரிச் சொல்வார்கள். கஸ்டர்ட் வைத்த வகையும் உண்டு. இது குளிர்காலத்துக்கு மட்டும் முளைக்கிற வண்டி, எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் வண்டிகளைக் குறித்து வைக்க ஒரு செயலியே இருக்கிறது, அதன் பெயருக்கு ‘நெஞ்சுக்குள் 3,000 வோன்’ என்று அர்த்தம். எப்போது வண்டி கண்ணில் படும் என்று தெரியாது, அதனால் சட்டைப் பையில் எப்போதும் 3,000 வோன் வைத்திரு என்பதுதான் விஷயம். புங்கொப்பாங் வண்டி பக்கத்தில் இருக்கிற வீட்டுக்கு ‘புங்செக்வோன்’ என்று வீட்டு மனை விளம்பர பாணியில் ஒரு சொல்லும் வைத்திருக்கிறார்கள், மெட்ரோ பக்கத்தில் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வது மாதிரி.

சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சுட்ட கஷ்கொட்டை, குச்சியில் சுருளாகப் பொரித்த உருளைக்கிழங்கு (மசாலாப்பொடி வேண்டாம், வெறும் உப்பு), இதெல்லாம் கேள்வி கேட்காமல் வாங்கலாம். பொரித்த பண்டம் விற்கிற கடையில், அந்தப் பண்டத்தைத் துவிகிம் என்பார்கள், சர்க்கரைவள்ளித் துண்டும், கடல்பாசித் தாளில் நூடுல்ஸ் சுற்றின கிம்மாரியும் இருக்கும். எண்ணெய் மட்டும் இறாலுக்கும் அதற்கும் ஒன்றுதான், மனசு ஒப்பினால் சாப்பிடலாம்.

உங்கள் ஜோங்னோவை ஒட்டிய இன்சாதோங் தெருவில் குல்தாரே விற்பதை நின்று பாருங்கள். கெட்டிப்பட்ட தேன் கட்டியை வளையமாக்கி, மாவில் புரட்டி, இரண்டாக மடித்து இழுத்து, மறுபடி மடித்து இழுத்து, பதினாலு தடவையில் 16,384 இழை. ஒவ்வொரு மடிப்புக்கும் எண்ணைப் பாட்டு மாதிரி கத்துவார்கள். உள்ளே கடலை வைத்துச் சுருட்டித் தருவார்கள். வாயில் போட்டால் சோன்பப்டியேதான், கொஞ்சம் பல்லில் ஒட்டும்.

தெற்குக்காற்று எழுதியது:

இத்தனை பேர் எழுதியும் பூசானை ஒருவர்கூடச் சொல்லவில்லையே! ஒமுக் சாப்பிடுவது என்றால் பூசானில்தான். நம்போ பக்கம் பிஃப் சதுக்கத்தில் விதை ஹொத்தொக் கிடைக்கும், சுட்டு எடுத்ததைக் கத்தரியால் வாய் பிளந்து சூரியகாந்தி விதையும் பூசணி விதையும் கரண்டியால் அள்ளி அடைப்பார்கள். சியோல் ஹொத்தொக் அதற்குப் பக்கத்தில் நிற்காது. அரிசிக் கட்டையைக் குச்சியில் குத்தி ஒமுக் சாற்றில் ஊறவைத்த முல்தொக்கும் அங்கேதான் சாப்பிடவேண்டும். அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம்.

ஹான்கரை எழுதியது:

தெற்குக்காற்று அண்ணே, ருசியில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் ஒரு வழிக்கு 59,800 வோன், இரண்டு பேர், போக வர என்று பெருக்கிப் பாருங்கள். ஹொத்தொக்குக்காக அவர்களுடைய ஏறக்குறைய ஐந்து நாள் சாப்பாட்டுக் காசு ரயிலுக்குப் போய்விடும், மூன்றில் ஒரு நாளும் போய்விடும். அடுத்த தடவை.

அரைப்பசி, நானாக இருந்தால் இப்படிப் போவேன். முதல் நாள் மதியம் குவாங்ஜாங், பிறகு இன்சாதோங் வழியாக நடை. இரண்டாம் நாள் மதியம் தோங்கின் சந்தை, உங்கள் நிலையத்திலிருந்து 3-ஆம் தடத்தில் இரண்டாவது நிறுத்தம், கியோங்போக்குங் அரண்மனைக்குப் பக்கம் (அந்த அரண்மனை செவ்வாய்க்கிழமை விடுமுறை, பார்க்கிற எண்ணம் இருந்தால் நாளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்). அங்கே காசு கொடுத்தால் ஓட்டை போட்ட பித்தளை நாணயமும் காலித் தட்டும் கொடுப்பார்கள், கடை கடையாகப் போய் நாணயம் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்து சாப்பிடலாம். எண்ணெயில் வறுக்கிற தொக்பொக்கி அந்தச் சந்தையின் அடையாளம், கொதிக்கிற குழம்பே கிடையாது. கீரைக்கட்டு சொன்ன நெத்திலித் தொல்லை இதில் குறைவு என்று நினைக்கிறேன், ஆனாலும் கேட்டுவிட்டே வாங்குங்கள். சாயங்காலம் நம்தேமுன், மியோங்தோங். மூன்றாம் நாள் மாங்வோன், 6-ஆம் தடம். பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் காய்கறி வாங்க வருகிற சந்தை, கத்தரிக்காய் வாங்குகிற பாட்டிக்குப் பின்னால் நின்று பொரித்த கோழித் துண்டு வாங்கலாம், ஹான் ஆற்றங்கரை நடக்கிற தூரம்தான்.

வரைபடத்துக்கு நேவர் மேப் இறக்கிக்கொள்ளுங்கள், நடைவழிக்கு அதுதான் அங்கே சரியாக வரும். பயண அட்டையில் மூன்று நாளுக்கு 10,000 வோன் வகை ஒன்று உண்டு, க்ளைமேட் கார்டு என்று கேளுங்கள், அட்டைக்குத் தனியாக 3,000.

இன்னொன்று. இமோ எதையாவது தட்டில் வைத்து “சொபிசு” என்றால் இலவசம் என்று அர்த்தம். மறுக்காதீர்கள்.

அரைப்பசி எழுதியது:

போய் வந்துவிட்டோம். எல்லாருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன், அப்படியே கணக்கும் ஒப்பித்துவிடுகிறேன்.

23-இல் சாப்பிட்டது 11. குவாங்ஜாங்குக்கு ஒரு நாள் என்று நினைத்தது இரண்டு நாளானது, பிந்தேத்தொக்கை விட்டு வர மனசில்லை. அங்கே மாவில் பன்றி இறைச்சி, கிம்ச்சி எதுவும் இல்லைதானே என்று போன் மொழிபெயர்ப்பில் மூன்று கடையில் கேட்டு, நான்காவது கடை இமோ மாவுப் பாத்திரத்தையே தூக்கிச் சாய்த்துக் காட்டினார், மனைவி அங்கேதான் உட்கார்ந்தாள். பெஞ்சுச் சூட்டில் எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். தோங்கின் நாணயம் வேடிக்கையாக இருந்தது, சாப்பாடு சுமார். மியோங்தோங்கில் 40 நிமிடம் சுற்றினோம், முட்டை ரொட்டி ஒன்று, சில்லறை_முடிச்சு சார் சொன்னது சரி, ராத்திரி_வண்டி சொன்னதும் சரி. சின்தாங் போகவில்லை. மாங்வோனில் மழை, ஆறும் பார்க்கவில்லை, ஆனால் இந்த மூன்று நாளில் நாங்கள் மறுபடி போக நினைக்கிற இடம் அதுதான். ஹொத்தொக்கில் கீரைக்கட்டு அம்மா சொன்னபடி ஓரத்தில்தான் கடித்தேன், இருந்தும் பாகு சட்டைக் கைக்குள் போய் முழங்கைவரை வந்தது.

கடைசி ராத்திரி விடுதிக்குப் பக்கத்தில், மெட்ரோ வாசலில், பிளாஸ்டிக் திரை போட்ட ஒரு வண்டி. நான் ஒமுக் நாலு குச்சி, சுண்டே ஒரு தட்டு. மனைவி ஒன்றும் வாங்காமல் கையைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்த இமோ, சர்க்கரைவள்ளித் துவிகிம் இரண்டை மறுபடி எண்ணெயில் போட்டு எடுத்து அவள் முன்னால் வைத்து “சொபிசு, சொபிசு” என்றார். ஹான்கரை எழுதியது அந்த நேரம் பார்த்து எனக்கு மறந்துவிட்டது. சர்வீஸ் சார்ஜ் கேட்கிறார் என்று நினைத்து 1,000 வோன் எடுத்து நீட்டினேன். இல்லை என்று கையைத் தள்ளினார். குறைவோ என்று இன்னொரு 1,000 சேர்த்து நீட்டினேன். அவர் பக்கத்தில் நின்றவரிடம் என்னமோ சொல்ல, வண்டியில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். இமோ இரண்டு தாளையும் மடித்து என் கோட்டுப் பையிலேயே செருகிவிட்டு, மூன்றாவதாக ஒரு கிழங்குத் துண்டை எண்ணெயில் போட்டார்.